மலைக்குப் பை அடுக்கியவர்

மூத்தவளே, சின்னவனே, நேற்றுப் பின்னேரம் நீங்கள் இருவரும் விளையாட்டுக் கழகத்தோடு நோர்வே மலைக்கு ஸ்கீ போவதற்குப் பை அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் அறை வாசலில் நின்றேன். கையில் அகப்பட்டதை அகப்பட்டபடி உள்ளே தள்ளினீர்கள். ஈரத் துவாய்க்குப் பக்கத்தில் காலுறை, தண்ணீர்ப் போத்தலுக்குக் கீழே பாண். அதை அப்படி வைக்கக் கூடாது பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். “லுக் டோரன், ஃபா” என்று டேனிஷில் சொன்னாள் மூத்தவள். கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். கோபம் இல்லை. அப்பாவுக்கு ஸ்கீயைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்திருப்பீர்கள். நியாயம்தான். எனக்கு ஸ்கீ ஓடத் தெரியாது. ஆனால் மலைக்கு ஒரு நாள் போய்வர எப்படிப் பை அடுக்குவது என்று எனக்குத் தெரியும். அதை எனக்குக் காட்டிய மனிதரைப் பற்றி உங்களுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை.

டேனிஷில் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆகவே தமிழில் எழுதுகிறேன். மெல்ல மெல்ல வாசியுங்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், பிழை இருக்கும். விளங்காத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள்.

அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் நாங்கள் யாரும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். கணேசு மட்டும், அவர் அறையில் இல்லாத நேரம் பார்த்து, ‘மூட்டை அண்ணை’ என்பான். இங்கும் அண்ணை என்றே இருக்கட்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஹேர்னிங்கில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் நான், கணேசு, அண்ணை மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். மூவருக்கும் ஒரே பின்னலாடை ஆலையில் வேலை. நானும் கணேசும் கிழக்கு ஜேர்மனி வழியாக வந்து கப்பலில் இறங்கியவர்கள். அண்ணை வந்த வழி வேறு. அவர் எங்களுக்கெல்லாம் முந்தி, ஊரில் இன்னும் பெரிய சண்டை தொடங்காத காலத்தில், நோர்வேயில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போனவர். மலையடிவாரத்தில் இருந்த பள்ளிக்கூடம். அங்கே சில குளிர்காலங்கள் இருந்துவிட்டு, விசா முடிந்ததும் டென்மார்க்குக்கு வந்து அகதியாகப் பதிந்துகொண்டார். எங்கள் ஆட்கள் வந்திறங்கும்போது கையில் ஒரு சூட்கேஸ் இருக்கும். அவர் ஒரு சோடி ஸ்கீயும் ஒரு முதுகுப் பையும் கொண்டு வந்தார்.

ஹேர்னிங்கைச் சுற்றியுள்ள நிலம் உங்களுக்குத் தெரியும். சைக்கிளில் மிதிக்காமல் உருண்டு போக ஒரு இறக்கம் கிடையாது. அந்த நாட்டுக்குத்தான் அண்ணை மலையேறும் சாமான்களோடு வந்து சேர்ந்தார். வழக்கு முடிந்து பயணப் புத்தகம் கைக்கு வரும்வரை அவர் எல்லை தாண்ட முடியாது. ஊரில் இருந்த மனைவியைக் கூப்பிடுவதற்கும் அதே வழக்குத்தான் முடிய வேண்டும். கலியாணம் கட்டிச் சில கிழமைகளிலேயே பிரிந்து வந்தவர் அவர். மனைவி வர வேண்டும், வந்த பிறகு ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவரை அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. கார் வாங்க வேண்டும், காணி வாங்க வேண்டும் என்று நாங்கள் கதைத்துக்கொண்டிருப்போம். அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

குளிர்காலச் சனிக்கிழமைகளில், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, பழைய படுக்கை விரிப்பு ஒன்றை நிலத்தில் விரிப்பார். அதன்மேல் சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து படுக்கும். கம்பளி உள்ளுடுப்பு, கம்பளிக் காலுறை, காற்றுக்குப் போடும் மேலங்கி, இரண்டு விதக் கையுறை, பனி வெட்டும் சின்ன மண்வெட்டி, ரோச் லைற், சுடுதண்ணீர்ப் போத்தல், வரைபடம். பருத்தித் துணி ஒன்றும் அந்த விரிப்பில் ஏறக் கூடாது. ஒருமுறை கணேசு விளையாட்டாகத் தன் பெனியனைச் சாமான்களுக்கு நடுவே போட்டுவிட்டான். அண்ணை அதை இரண்டு விரலால் தூக்கி எறிந்தார்.

“பருத்தி வேர்வையைக் குடிச்சுப்போட்டு வைச்சிருக்குமடா. ஏறேக்கை சுகமாத்தான் இருக்கும். நிண்டவுடனை அந்த வேர்வையே உன்னைக் கொண்டுபோடும்.”

“நான் ஏன் அண்ணை ஏறப்போறன்? எனக்கு லிப்ட் இருக்கு” என்றான் கணேசு.

ஸ்கீயின் அடியில் ஒட்டுகிற நீளப் பட்டைகள் இரண்டு சோடி வைத்திருந்தார். அதைத் ‘தோல்’ என்பார். ஒரு பக்கம் பசை, மறு பக்கம் மயிர். மயிர் ஒரு பக்கமாகப் படிந்திருப்பதால் ஏறும்போது முன்னுக்கு வழுக்கும், பின்னுக்கு வழுக்காது. அதைக் காற்றாடக் குளியலறைக் கொடியில் தொங்கவிடுவார். கணேசு வெள்ளிக்கிழமை முழுகப் போய்விட்டு, “அண்ணை, உது ஆடோ மாடோ? அறிஞ்சால் நான் திரும்ப முழுகலாம்” என்று உள்ளேயிருந்து சத்தம் போடுவான்.

கடைசியாகத் தேவைப்படுவது முதலில் உள்ளே போகும். முதலில் தேவைப்படுவது எல்லாவற்றுக்கும் மேலே. தண்ணீர்ப் போத்தலைக் காலுறைக்குள் விட்டுத் தலைகீழாக வைப்பார். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், தலைகீழாக இருந்தால் வாய்ப்பக்கம் உறையாது. தோடம்பழத்தை வீட்டிலேயே உரித்துச் சுளைசுளையாகப் பிரித்துவிடுவார். சொக்கிலேட்டைக் கடதாசியோடு உடைத்து வைப்பார். மலையில் ஒரு சின்ன வேலைக்காகக்கூடக் கையுறையைக் கழற்றக் கூடாதாம். எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பைக்கு முன்னால் இருப்பார்.

“இப்ப நீ கேள்” என்பார் என்னிடம்.

“ரோச்” என்பேன். கை உள்ளே போகும், ரோச்சோடு வரும். “கையுறை” என்பேன். அதுவும் வரும். பனிப்புயலில் கண் தெரியாது, கைதான் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. கணேசு இடையில் புகுந்து “கோழிக்கறி” என்பான். அண்ணை கண்ணைத் திறக்காமலே அவன் இருக்கும் பக்கம் ஒரு குத்து விடுவார்.

பிறகு பையை முதுகில் மாட்டிக்கொண்டு படியால் கீழே இறங்கி, புல்வெளியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் திரும்ப வெளியில் எடுத்துக் காற்றாட வைப்பார். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் விரிப்பு விரியும்.

“வெயில் எறிக்கேக்கை மண்வெட்டியோட வெளியில நிக்காதையுங்கோ அண்ணை” என்று கணேசு சொல்லுவான். “சனம் பொலிசுக்குப் போன் அடிக்கப்போகுது.”

நான் வந்த புதிதில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். எல்லாம் இரண்டு இரண்டாக இருந்தன. இரண்டு உள்ளுடுப்பு, இரண்டு மேலங்கி, இரண்டு கோப்பை. ஏன் என்று கேட்டேன்.

“மலைக்கு ஒருத்தருக்கு மட்டும் எண்டு அடுக்கிறேல்லை” என்றார்.

மலையேறுபவர்களின் வழக்கம் போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் கை குளிர்ந்து, விரிப்பில் கிடந்த ஒரு கையுறையை எடுத்து மாட்டிப் பார்த்தேன். விரல்கள் பாதிக்கு மேல் போகவில்லை. அது பெண்பிள்ளையின் அளவு. அண்ணை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கையை நீட்டினார், நான் கழற்றிக் கொடுத்தேன்.

அந்த இரண்டாம் ஆளுக்கென்று ஒரு சோடி ஸ்கீ ஏற்கெனவே வாங்கியிருந்தார். சப்பாத்து வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். ஒரு பழைய சாமான் கடை. விற்கிற டேனிஷ் அம்மா எத்தனையாம் இலக்கம் என்று கேட்டார். அண்ணை தன் வலது கையை மேசையில் வைத்து விரித்தார். ஒரு சாண். அதன் நுனியில் இடது கையின் சின்னவிரலை வைத்தார். “இவ்வளவு” என்றார் தமிழில். அந்த அம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, ஸ்கீச் சப்பாத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்து அண்ணையின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பல வருடங்களுக்கு முன் பார்த்த ஒரு பாதத்தின் அளவை அவர் தன் கையில் வைத்திருந்தார் என்பது எனக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

தேங்காய் எண்ணெய்க் கதையையும் சொல்ல வேண்டும். ஸ்கீயின் அடிக்கு மெழுகு பூசுவார்கள், பனியின் குளிருக்குத் தகுந்தபடி நீலம், பச்சை என்று வேறு வேறு மெழுகு. ஒரு கிழமை மெழுகு முடிந்துவிட்டது என்று அண்ணை கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். எங்கள் குசினி யன்னலில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் குளிரில் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. கணேசு பகிடிக்காரனே தவிர நல்லவன். அண்ணை வேலையால் வருவதற்குள் அந்த எண்ணெயைக் கரண்டியால் தோண்டி எடுத்து, இரண்டு சோடி ஸ்கீக்கும் அடியில் தேய்த்து மினுக்கி வைத்துவிட்டான்.

அண்ணை வந்து பார்த்தார். “ஆரின்ர வேலை இது?”

“மெழுகு இல்லையெண்டு சொன்னியள். அதுவும் இறுகிப்போய் இருக்கும், இதுவும் இறுகிப்போய் இருக்கு. நல்ல எண்ணெய் அண்ணை, ஊரிலயிருந்து வந்தது.”

“மடையா, பனியில இது சீமெந்து மாதிரி ஒட்டும்!”

கத்தியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார். கணேசு கோழி திருடியவன் போல மூலையில் நின்றான். நாலைந்து இழுப்பு இழுத்திருப்பார், கை நின்றுவிட்டது. ஸ்கீயின் நுனியை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

“அவ முழுகிப்போட்டு வந்தால்…” என்று தொடங்கினார். 

கணேசு வாய்விட்டுச் சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. தானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினான். இருவரும் பின்னேரம் முழுக்கச் சுரண்டினார்கள். அண்ணை தன்னுடையதை முதலில் சுரண்டி முடித்தார். மற்றச் சோடியை, மனைவிக்கென்று வைத்திருந்ததை, மெதுவாகச் சுரண்டினார்.

இப்படியே இருக்கும்போது வழக்கு முடிந்தது, அனுமதி வந்தது. அடுத்த குளிர்காலத்தில் அக்காவும் வந்தார். அண்ணையின் மனைவியை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவர் ஹேர்னிங் வந்து இறங்கிய நாள் எனக்கு நேற்றுப் போலிருக்கிறது. கணேசு விடியவே எழும்பிச் சமைத்தான். அண்ணை சமையல் பக்கமே வரவில்லை. விரிப்பை விரித்துப் பையை அடுக்கினார். இத்தனை சனிக்கிழமையும் அடுக்கியதைவிடத் திறமாக அடுக்கி, வாசல் கதவுக்கு உட்பக்கத்தில் நிறுத்தி, பக்கத்தில் ஸ்கீ இரண்டு சோடியையும் சாத்தினார். வீட்டுக்குள் காலடி வைத்தவுடன் அக்கா முதலில் பார்ப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும். பிறகு ஸ்டேசனுக்குப் போனார்.

நாங்கள் படியில் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தோம். சீலைக்கு மேல் யாரோ கொடுத்த பெரிய கோட்டுப் போட்டு, மெலிந்த ஒரு பெண் நின்றார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே ஒரு அடி வைத்தார். பையைக் கண்டார். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“ஆர் போகினம்?” என்று கேட்டார்.

“நாங்கள்தான்!” என்றார் அண்ணை. முகமெல்லாம் பூரிப்பு. “உமக்கும் எல்லாம் உள்ளுக்கை இருக்கு. மாத்து உடுப்பு, ரோச், சாப்பாடு, ஒண்டும் விடேல்லை. வெளிக்கிடுறதெண்டால் தூக்கிக்கொண்டு வெளிக்கிட வேண்டியதுதான்.”

அக்கா கழற்றத் தொடங்கிய கோட்டைத் திரும்பப் பூட்டினார்.

“இஞ்சையும் ஓட வேணுமோ?” என்றார்.

பிள்ளைகளே, அந்த வருடங்களில் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் வாசலோடு ஒரு பை இருந்தது. அடையாள அட்டை, பத்திரங்கள், ஒரு மாற்று உடுப்பு, ரோச், பிஸ்கற். ஷெல் விழத் தொடங்கினால் எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு. கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஓடி, அடங்கினால் திரும்பி வருவார்கள். பையை அவிழ்க்க மாட்டார்கள், அது அப்படியே இருக்கும். அக்கா அந்தப் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டுதான் படுப்பாராம். அண்ணை ஊரை விட்டு வந்தபோது இது ஒன்றும் இல்லை. வானொலியில் கேட்டிருப்பார், ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பார். ஆனால் கதவடியில் அடுக்கி வைத்த பை ஒன்று அவர் மனைவிக்கு என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அண்ணை மலை, பனி, ஸ்கீ என்று என்னவோ சொல்லிப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினார், ஆனால் கண் பையில்தான் இருந்தது. சப்பாத்தைக் கழற்றவில்லை, கோட்டையும் கழற்றவில்லை.

“அவிழ்த்து வையுங்கோ” என்றார் மெதுவாக. “மலையை நான் பிறகு வந்து பாக்கிறன். முதல்ல அவிழ்த்து வையுங்கோ.”

அண்ணை நிலத்தில் இருந்தார். விரிப்புக் கூட விரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் தந்தார், நான் அலுமாரிக்குள் வைத்தேன். அக்கா கதிரை நுனியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கோப்பையும் உள்ளே போய்ப் பை தட்டையான பிறகுதான் சப்பாத்தைக் கழற்றினார். கணேசு சோறு போட்டுக் கொண்டு வந்தபோது கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார்.

கொஞ்ச நாளில் அவர்களுக்கு அதே கட்டடத்தில் கீழ் வீடு கிடைத்தது. அலுமாரிச் சாமான்களும் பையும் மேலே எங்களோடேயே நின்றுவிட்டன. அண்ணை அவற்றைக் கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு மட்டும் படியேறி எங்களிடம் வருவார். யன்னல் பக்கத்தில் இருப்பார். தோடம்பழம் இருந்தால் எடுத்து உரிப்பார், சுளை சுளையாகப் பிரித்துத் தட்டில் வைப்பார். தான் ஒன்றும் சாப்பிட மாட்டார்.

அவர் சந்தோஷமாக இல்லை என்று நினைக்காதீர்கள். அக்கா வந்த பிறகு அவர் முகம் தெளிந்துவிட்டது, பாடிக்கொண்டு படியேறினார், எங்களுக்கும் நல்ல சாப்பாடு கிடைத்தது. ஆனாலும் வானம் மங்கி வடக்குக் காற்று எழும்பினால், கதைத்துக்கொண்டிருக்கும் மனிதர் கதையை விட்டுவிடுவார். வருவாள் என்று ஏங்கியது போய்விட்டது. அவளோடு அங்கே நிற்க வேண்டும் என்று ஏங்கியது அப்படியே இருந்தது. நான் அன்றுவரை இரண்டும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். அவரும் அப்படி நினைத்திருப்பார்.

அடுத்த பனிக்காலம் வந்தது. இருவரின் கையிலும் பயணப் புத்தகம் இருந்தது. அண்ணை ஒரு பழைய காரும் வாங்கிவிட்டார்.

“அக்காவைக் கேட்டுப் பாருங்கோவன் அண்ணை” என்றான் கணேசு. அன்று அவன் பகிடி விடவில்லை. “ஒரு நாள்தானே.”

“கேக்கக் கூடாதடா.”

“ஏன்?”

“நான் கேட்டால் அவ ஓமெண்டிடுவா” என்றார் அண்ணை.

கொஞ்ச நாளைக்குப் பிறகு கட்டடத்தின் கீழறையில், உடுப்புத் தோய்க்கும் மெசின்களுக்குப் பக்கத்தில், அக்காவைக் கண்டேன். மெசின் சுற்றி முடியும்வரை காத்துக்கொண்டிருந்தோம்.

“தம்பி, இவர் முந்திச் சனிக்கிழமையில என்ன செய்தவர்?” என்று கேட்டார். “சனிக்கிழமை வந்தால் கைக்கு வேலை இல்லாத ஆள் மாதிரித் திரியிறார். கேட்டால் ஒண்டுமில்லை எண்டுறார்.”

நான் சொன்னேன். விரிப்பு, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது, இரண்டு இரண்டாக வைப்பது, எண்ணெய், எல்லாம். சப்பாத்துக் கடையில் கையை விரித்துக் காட்டியதையும் சொன்னேன்.

“மெய்யே? எனக்குச் சப்பாத்தும் வாங்கி வைச்சவரே?”

“ஓம் அக்கா. மேலதான் கிடக்கு.”

அக்கா ஈரச் சீலை ஒன்றை எடுத்து இரண்டாக மடித்தார், பிறகு நாலாக மடித்தார். காயாத சீலையை யாரும் மடிப்பதில்லை. “உந்த மனிசன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை” என்றார்.

வந்த சனிக்கிழமை அண்ணை எங்கள் வீட்டு யன்னலடியில் இருக்கும்போது அக்கா மேலே ஏறி வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

“இஞ்சருங்கோ. மூட்டை ஒண்டும் கட்டாமல் போகலாமெண்டால் நான் வாறன்.”

அண்ணை எழும்பிவிட்டார். “எங்கை?”

“நீங்கள் போகோணுமெண்டு கிடக்கிற இடத்துக்கு.”

அவர் முகம் மலர்ந்தது, உடனே விழுந்தது. “பை அடுக்காமல் மலைக்குப் போகேலாதப்பா. அது பிழை. அங்கை காலநிலை மாறினால்…”

“அப்ப வேண்டாம்.”

“இல்லை இல்லை, நில்லும்!”

“அண்ணை, முதல்ல ஓமெண்டு சொல்லுங்கோ” என்று கணேசு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். “பிறகு யோசிப்பம்.”

அண்ணை யோசித்தார். இவ்வளவு காலமாக அவர் கை செய்து பழகிய ஒரே வேலையை அக்கா விடச் சொல்கிறார். கடைசியில், “சரி. வீட்டிலயிருந்து வெளிக்கிடேக்கை பை இராது” என்றார்.

அவர்கள் வெளிக்கிட்ட காலை நானும் கணேசும்தான் சாமான் இறக்கினோம். ஒன்றையும் ஒன்றோடு சேர்க்காமல் கையில் கையிலாகக் கொண்டு போனோம். கையுறை முன் கண்ணாடியடியில், கம்பளி உடுப்பு இருக்கையின் முதுகில், கோப்பைகள் கதவுப் பொக்கற்றுக்குள், தோல்கள் பின்னிருக்கையில் இரண்டு பூனை படுத்ததுபோல. தோடம்பழங்கள் காலடியில் உருண்டு திரிந்தன. வெறும் பையை அண்ணை மிதியடிக்குக் கீழே மடித்து வைத்தார். மண்வெட்டிக்கு இடமில்லாமல் அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டார். அண்ணையின் கை சும்மா இருக்க மாட்டாமல் ஒரு காலுறையை எடுத்து மற்றதுக்குள் செருகப் போனது. அக்கா பார்த்தார். கை திரும்பி வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக் கிழவர் நாயோடு வந்து பார்த்துவிட்டு, கடையில் பை விற்கிறார்களே, தெரியாதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வடக்கே கப்பலேறிப் போய், இரண்டு மூன்று நாளில் திரும்பி வந்தார்கள். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. அக்கா துண்டு துண்டாகச் சொன்னதுதான் எனக்குத் தெரியும்.

“மலையடியில கார்க் கதவுக்குப் பின்னாலை நிண்டு பையை அடுக்கினார் தம்பி. நான் மற்றப் பக்கம் திரும்பி நிண்டன். சத்தம் கேக்கக் கூடாதெண்டு மெல்ல மெல்ல அடுக்கினார், பாவம்.”

“சப்பாத்து அளவோ அக்கா?”

“எங்கை! ஒரு காலுக்கை ரெண்டு காலை விடலாம். அத்தனை வருசமும் என்ர கால் அவரின்ர மனசுக்கை வளந்துபோச்சு” என்று சிரித்தார். “காலுறை மூண்டு போட்டன். ஏறிப்போட்டன், அது பெரிய கரைச்சல் இல்லை. இறங்கேக்கைதான், விழுந்து எழும்பி, விழுந்து எழும்பி, பிறகு இருந்துகொண்டே வழுக்கி வந்தன். சின்னப் பிள்ளையள் என்னைத் தாண்டிக்கொண்டு போகுதுகள்.”

“மேல என்ன இருந்தது?”

சிரிப்பு நின்றது. யோசித்துச் சொன்னார்.

“ஒண்டும் இல்லை. ஒரு சத்தமும் இல்லைத் தம்பி. இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அந்தா அந்த மலை, இந்தா இந்த மலை எண்டு. நான் கையைக் காட்டினன், கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கோ எண்டு. நிண்டார். நானும் காதைக் குடுத்துக்கொண்டு காத்துக்கொண்டு நிண்டன். கன நேரம். ஒரு ஷெல்லும் வரேல்லை.”

அண்ணையிடமும் கேட்டேன். மலை எப்படி, பனி எப்படி என்று அவர் பக்கம் பக்கமாகச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குளியலறையில் தோல்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

“காணுமடா, இது போதும்” என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் பை அடுக்கியதை நான் காணவில்லை. அந்தக் குளிர்காலம் முடிவதற்கு முன்பே, தலைநகருக்குப் பக்கத்தில், ஹ்விடோவ்ரேயில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். வீடு மாறிப் போகும் நாளிலும் அக்கா மூட்டை கட்ட விடவில்லை. சட்டியும் பானையும் மூடாத பெட்டிகளில் வாய் திறந்தபடி சாமான் ஏற்றும் வண்டியில் ஏறின. அண்ணை என் தோளில் கையை வைத்து, “வடிவா இருடா” என்றார். கணேசுவைக் கட்டிப் பிடித்தார். கொஞ்சக் காலம் தொலைபேசியில் கதைத்தோம். பிறகு அவர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள், லண்டன் என்று வேறு யாரோ சொன்னார்கள். நான் பல பேரிடம் விசாரித்துவிட்டேன். ஸ்டேசனில் யாராவது ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றால், முகம் தெரியும்வரை இன்றைக்கும் நான் நடையைக் குறைப்பேன்.

அவர்கள் போன அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. கணேசு வேலைக்குப் போயிருந்தான். புதுப் பனி விழுந்து கிடந்தது. அப்போது என் அம்மாவும் தங்கச்சியும் ஊரில்தான் இருந்தார்கள், உங்கள் அம்மாவும் அங்கேதான். சைக்கிளை உருட்டிக்கொண்டு, ஆலையைத் தாண்டி, வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்துக்குப் போனேன். சைக்கிளை வேலியில் சாத்தினேன். பனி முழங்காலுக்கு வர, வயலின் நடுப்பக்கம்வரை நடந்தேன். காதை மூடியிருந்த தொப்பியைக் கழற்றிக் கோட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தேன். தூரத்து வீதியில் ஒரு லொறி போனது. அதன் சத்தம் தேய்ந்து முடியும்வரை நின்றேன். முடிந்த பிறகும், அக்கா நின்றதுபோல, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.